9 மார்க் போட்டேன், அந்தப் பொண்ணு வயரைச் சுத்திட்டு இருந்தா

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலங்காத்தால ஃபிரெண்ட் ஒருத்தி போன் பண்ணா. அவ மேனேஜ்மென்ட் படிக்கிற பசங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கிறவ. "டிவில வர்ற பிசினஸ் ரியாலிட்டி ஷோ மாதிரியே ஒண்ணு பண்றோம்டி, இன்னைக்கு ஃபைனல், ஜட்ஜ் ஒருத்தர் கடைசி நேரத்துல வரலன்னுட்டார், நீதான் அந்த மாதிரி ஷோ ஒண்ணு விடாம பாக்கிறவளாச்சே, சும்மா வந்து உக்காந்து மார்க் போடு"ன்னா. சும்மா வந்து உக்காந்து மார்க் போடறதுல எனக்கு இருக்கிற ஆசை வேற எதுலயும் இல்ல. வீட்ல சோஃபால படுத்துக்கிட்டு அதத்தானே இத்தனை வருஷமா பண்ணிட்டிருக்கேன்.

நெஜமாவே ஒண்ணு விடாம பாக்கிறவதான். 2004ல அமெரிக்காவுல என்பிசி சேனல்ல அப்ரென்டிஸ்னு, டீம் டீமா பிரிச்சு பிசினஸ் டாஸ்க் குடுத்து ஒவ்வொருத்தரா வீட்டுக்கு அனுப்பற ஷோ ஆரம்பிச்சப்போ 16 பேரு, ஜெயிச்சா ட்ரம்ப் கம்பெனில ஒரு வருஷ வேலை, சம்பளம் 2,50,000 டாலர். அடுத்த வருஷமே பிபிசில ட்ரம்ப் இடத்துல ஆலன் ஷுகர்னு ஒரு பிரிட்டிஷ் தொழிலதிபர் வந்தார், எனக்கு அந்த பிரிட்டன் வெர்ஷன்தான் ரொம்பப் பிடிக்கும், காரணம் ஷுகர் கூட இல்ல, டாஸ்க் நடக்கும்போது பின்னாடியே நோட்டு வெச்சுக்கிட்டு நின்ன அவரோட ஆலோசகர்கள் நிக் ஹியூவரும் மார்கரெட் மவுன்ட்ஃபோர்டும்தான். டீம் லீடர் வாய் கிழியப் பேசிட்டு இருப்பாரு, கேமரா மெதுவா திரும்பும், நிக் ஒரு புருவத்தத் தூக்குவாரு, அவ்ளோதான், அந்த லீடர் கதை முடிஞ்சுதுன்னு நமக்குப் புரிஞ்சிடும். நானும் அந்த மாதிரி புருவம் தூக்கலாம்னு நெனச்சுதான் போனேன். நடந்தது வேற.

ஃபைனல்ல மூணு பேர். ஒவ்வொருத்தருக்கும் கீழ ஒரு டீம், டீமுக்கு 5 ஃபர்ஸ்ட் இயர் பசங்க. காலையில டாஸ்க் ஒரு ஆன்லைன் கோர்ஸுக்கு போன்லயே சந்தா சேக்கறது. மூணு டீமுமே மண்ணைக் கவ்விட்டாங்க, ஒரு டீம்ல 2 சந்தா, மத்த ரெண்டுலயும் ஒவ்வொண்ணு. பாவம் பசங்க முகமெல்லாம் தொங்கிப்போச்சு, ஒரு பையன் அம்மாகிட்டயே சந்தா வாங்கச் சொல்லிக் கெஞ்சிட்டிருந்தான், அத வேற எண்ணிக்கையில சேக்கலாமான்னு ஒரு பஞ்சாயத்து. இந்த நிலைமைல மத்தியானம் லீடர் ஒவ்வொருத்தரும் தன் டீம் முன்னாடி 5 நிமிஷம் மோட்டிவேஷன் பேசணும், அதுக்குத்தான் நாங்க மார்க் போடணும், அப்புறம் பசங்க இன்னொரு மணி நேரம் கால் பண்ணணும். கால் ரிசல்ட் மார்க்ல சேராது, அது சும்மா ஒரு சுவாரசியத்துக்குன்னு சொன்னாங்க. இப்ப யோசிச்சா, சேக்க வேண்டியத சேக்காம விட்டுட்டாங்களேன்னு இருக்கு, ஆனா அப்ப எனக்கும் அது தப்பாத் தோணல.

மார்க் ஷீட் குடுத்தாங்க. எனர்ஜி 10, ஸ்டேஜ் பிரசன்ஸ் 10, ஐ கான்டாக்ட் 10, குரல் ஏத்த இறக்கம் 10, நேரத்த முழுசா யூஸ் பண்ணது 10. மொத்தம் 50. ஷீட்டப் படிச்சுப் பாருங்க, அதுல கேக்கிறவன்னு ஒருத்தன் எங்கயாவது இருக்கானா? நான் அன்னைக்கு இதக் கவனிக்கவே இல்ல.

முதல்ல வந்தது நீலச் சட்டை. பேரு வேணாம், நீலச் சட்டைன்னே வெச்சுக்கலாம். உள்ள வரும்போதே கைதட்டிக்கிட்டே வந்தான். எல்லாரும் எந்திரிங்க, பக்கத்துல இருக்கவனுக்கு ஒரு ஹை-ஃபைவ் குடுங்க, நீங்க யாரு, சத்தமா சொல்லுங்க நீங்க யாரு, கேக்கல, இன்னும் சத்தமா. குரல் இருக்கே, மைக்கே வேணாம், எங்க ஏத்தணும் எங்க நிறுத்தணும்னு அத்தனையும் தெரிஞ்சவன். தோல்வியே கெடையாதாம், ஜெயிக்கறதுக்கு முன்னாடி போடற ஒத்திகை தானாம் அது. பின்னாடி உக்காந்திருந்த கூட்டம் விசில் அடிச்சுது. எனக்கே புல்லரிச்சுது, பொய் சொல்லல.

அவன் டீம்ல ஓரமா ஒரு பொண்ணு நின்னா. எல்லாரும் கைதட்டும்போது அவளும் தட்டினா, ஆனா ஹெட்செட்டக் கழுத்துலருந்து எடுக்கவே இல்ல, கை சும்மா இருக்கிற நேரமெல்லாம் அந்த வயர விரல்ல சுத்திச் சுத்தி எடுத்துட்டிருந்தா, இறுக்கமா, விரல் நுனி வெள்ளையாகற அளவுக்கு. பேச்சு முடிஞ்சதும் மேஜை மேல இருந்த நம்பர் லிஸ்ட்ட ஒரு பார்வை பாத்தா பாருங்க, பரீட்சைக்குப் படிக்காமப் போனவன் கொஸ்டின் பேப்பரப் பாக்கிற மாதிரி. நான் அதப் பாத்தேன். பாத்துட்டு கீழ குனிஞ்சு எனர்ஜிக்கு 9 போட்டேன்.

ரெண்டாவது வந்தவன் தன்னோட கதைய சொன்னான். அப்பா இல்லாதது, ஃபீஸ் கட்ட முடியாம வெளிய நின்னது, ராத்திரி வேலைக்குப் போயிட்டுப் பகல்ல படிச்சது. நெஜமாத்தான் சொன்னான், குரல் உடைஞ்சுது, டீம்ல ரெண்டு பேர் அழுதுட்டாங்க, என் பக்கத்துல இருந்த ஜட்ஜ் சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சார். முடிஞ்சதும் அந்த 5 பசங்களும் போய் அவனக் கட்டிப்புடிச்சு, ஒண்ணும் இல்லண்ணா நாங்க இருக்கோம்ணான்னாங்க. ஊக்கம் குடுக்க வந்தவனுக்கு கேக்க வந்தவங்க ஊக்கம் குடுத்து அனுப்பினாங்க. கதை சொல்றது தப்புன்னு நான் சொல்லமாட்டேன், ஆனா அந்தக் கதைல அவனோட டீமுக்கு என்ன வேலை? அடுத்த கால எடுத்து ஹலோ சொல்லும்போது அதுல எத யூஸ் பண்ணுவாங்க?

மூணாவது கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு. ஸ்டேஜ் ஏறவே இல்ல. ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு டீம் நடுவுல உக்காந்துட்டா, பின்னாடி இருந்த எங்களுக்குப் பாதி கேக்கவே இல்ல, ஜட்ஜ் சார் உடனே குரலுக்கு மார்க்கக் கொறச்சிட்டார். கேட்ட வரைக்கும் சொல்றேன். "காலையில மூணாவது கால்ல ஒருத்தர் உன்னத் திட்டினாருல்ல, நான் பின்னாடிதான் நின்னேன். தப்பு உன்மேல இல்ல. எடுத்த உடனே விலையச் சொல்லுன்னு ஸ்கிரிப்ட் எழுதுனது நான். அந்த வரிய அடிச்சிடலாம்." அவ்வளவு மெதுவா. அப்புறம் முதல் வரியா என்ன சொல்லலாம்னு அவங்ககிட்டயே கேட்டா. ஒரு பையன் ஏதோ சொன்னான், அதையே வெச்சுக்கலாம்னா. இந்தக் கோர்ஸ் எடுத்த ஒருத்தங்க எதுக்காக எடுத்தாங்கன்னு ரெண்டே வரில சொன்னா. 10 கால்ல 9 பேர் வேணாம்னுதான் சொல்லுவாங்க, அதுக்கு நான் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன், பத்தாவது ஆள் வர்ற வரைக்கும் லைன்ல இருங்கன்னா. சரி ஆரம்பிக்கலாமான்னு எந்திரிச்சிட்டா. இன்னும் ஒன்றரை நிமிஷம் பாக்கி இருந்துச்சு.

அந்த டீம்ல ஒரு பையன் பேனா எடுத்து தன் பேப்பர்ல அந்த விலை வரிய நீளமா ஒரு கோடு போட்டு அடிச்சான், பக்கத்துல இருந்தவன் எட்டிப் பாத்துட்டு அவனும் அடிச்சான். நான் என்ன பண்ணேன்? எனர்ஜி 5, ஸ்டேஜ் பிரசன்ஸ் 4 (ஸ்டேஜே ஏறலியே), நேரம் 4. மொத்தத்துல நீலச் சட்டை எங்கயோ போயிட்டான், கோப்பை அவனுக்கு, போட்டோ எல்லாம் எடுத்தாச்சு.

அப்புறம்தான் கால் ரிசல்ட் வந்துச்சு. கண்ணாடிப் பொண்ணு டீம் 6 சந்தா. அழ வெச்சவன் டீம் 3. நீலச் சட்டை டீம் 2.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், இத வெச்சு பாத்தீங்களா பாத்தீங்களான்னு நான் குதிக்கல. 5 பேர், ஒரு மணி நேரம், யார் நம்பர் யார் கைல கெடச்சுதோ, அதிர்ஷ்டமும் இருக்கலாம். அதோட அவ ஸ்கிரிப்ட்டையே மாத்திட்டா, அது மோட்டிவேஷனா மேனேஜ்மென்ட்டான்னு ஜட்ஜ் சார் அப்புறம் என்கிட்ட சண்டைக்கே வந்தார், அதுவும் நியாயமான கேள்விதான். எனக்கு உறுத்துனது நம்பர் இல்ல. வயர் சுத்துனதையும் பாத்தேன், கோடு போட்டு அடிச்சதையும் பாத்தேன், ரெண்டுமே என் கண்ணு முன்னாடி நடந்துச்சு, ரெண்டுக்கும் என் ஷீட்ல இடம் இல்லாததால ரெண்டையும் விட்டுட்டேன். அதான்.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன், இந்தப் பழக்கம் எங்கருந்து வந்துச்சுன்னு. டிவில இருந்துதான். டிவில கேமரா பேசறவங்க மேலதான் இருக்கும், நடுநடுவுல ஒரு தலையாட்டல், ஒரு கண்ணீர், ஒரு சிரிப்பு வெட்டி ஒட்டுவாங்க, அந்தத் தலையாட்டல் அந்தப் பேச்சுக்கே ஆட்டுனதான்னு யாருக்குத் தெரியும். அப்ரென்டிஸ்ல டாஸ்க் முடிஞ்சு யார வீட்டுக்கு அனுப்பறதுன்னு முடிவு பண்ற போர்டுரூம் நமக்குக் காட்டறது கொஞ்ச நேரம், அங்க உக்காந்திருக்கறது மணிக்கணக்கா. பிசினஸுக்கு முதலீடு கேட்டு வர்ற ஷார்க் டேங்க் ஷோல ஒருத்தர் ஒரு மணி நேரம் வரைக்கும் கூட நின்னு பதில் சொல்லிருப்பாரு, நமக்கு வர்றது பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல சத்தமாப் பேசுனதுதான் மிஞ்சும். ஒருத்தன் பக்கத்துல உக்காந்து தப்பு என்மேலதான்பான்னு மெதுவா சொன்னத எடிட்டிங் டேபிள்ல யாரு வெச்சுக்குவா?

ஸ்டூவர்ட் பாக்ஸ் ஞாபகம் இருக்கா? பிரிட்டன் அப்ரென்டிஸ் 2010 சீசன், 21 வயசுப் பையன், தன்னையே ஒரு பிராண்டுன்னு சொல்லிக்கிட்டவர். போர்டுரூம்ல மாட்டிக்கிட்டப்போ ஒரு பேச்சு பேசினாரு, நான் ஒரே வித்தை தெரிஞ்ச குதிரை இல்ல, பத்து வித்தை தெரிஞ்ச குதிரையும் இல்ல, என்கிட்ட ஒரு மைதானம் நெறைய குதிரை நிக்குதுங்கிற அர்த்தத்துல. கேக்கிறதுக்கு என்னமா இருக்கும். ஷுகர் அவர வெச்சுக்கிட்டு, டாஸ்க்ல நல்லா வேலை பாத்துட்டிருந்த லிஸ் லாக்க வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அடுத்து இன்டர்வியூ ரவுண்டு. சின்னக் குளத்துல நான் பெரிய மீனுன்னு இவர் சொல்ல, இன்டர்வியூ எடுத்த க்ளாட் லிட்னர் நீ பெரிய மீனும் இல்ல, மீனே இல்லன்னுட்டாரு. டெலிகாம் லைசென்ஸ் பத்தி இவர் சொன்னதும் சொன்ன அளவுக்கு இல்லன்னு தெரிய வந்துச்சு. ஷுகருக்கு வந்த கோவம் லைசென்ஸால மட்டும் இல்ல, அத நம்பித்தானே அந்தப் பொண்ண அனுப்புனோம்னுதான். இத்தனை வருஷம் வியாபாரம் பண்ண மனுஷனே ஒரு பேச்சுல வழுக்கி விழுந்தாரு, நான் எம்மாத்திரம்னு ஒரு ஆறுதல். பாக்ஸ் பாவம் 2015ல 27 வயசுலயே இறந்துட்டார், அதனால இப்ப அந்த எபிசோட் பாத்தா சிரிக்க மனசு வரமாட்டேங்குது.

இன்னொரு விஷயம், போர்டுரூம்ல பேசறது மோட்டிவேஷனே இல்ல. அது தன்னக் காப்பாத்திக்கற பேச்சு, வக்கீல் வாதம். டாஸ்க் காலையில வேன்ல உக்காந்துக்கிட்டு டீம் லீடர் மத்தவங்ககிட்ட பேசறாரே அதுதான் மோட்டிவேஷன், அத யாரும் ஞாபகம் வெச்சுக்கறதே இல்ல. இந்த சீன்லதான் நான் இப்பல்லாம் ரீவைண்ட் பண்ணி லீடர விட்டுட்டுப் பின் சீட்டப் பாக்கறேன், ஒருத்தன் ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு உக்காந்திருப்பான் பாருங்க, சாயங்காலம் லீடர் மேல முதல் புகார் அவன்கிட்டருந்துதான் வரும். நம்பலன்னா நீங்களே பாருங்க.

மேடைப் பேச்சுப் போட்டிக்கு மார்க் போடறவங்க எப்படிப் போடறாங்கன்னு பாக்கலாம்னு, மேடைப் பேச்சுப் பழக உலகம் பூரா கிளப் நடத்தற டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்போட ஷீட்ட எடுத்துப் பாத்தேன். அவங்க இன்டர்நேஷனல் பேச்சுப் போட்டிக்கு விஷயத்துக்கு 50, பேசற விதத்துக்கு 30, மொழிக்கு 20. அந்த 50க்குள்ள 15 மார்க், பேச்சு வந்த காரியத்த முடிச்சுதா, கூட்டம் அத எப்படி எடுத்துக்கிச்சுங்கறதுக்கு. நம்ம ஷீட்ல அது சைபர். நேரம் ஜட்ஜோட வேலையே இல்ல அங்க, அத வேற ஆள் பாத்துக்குவாங்க, நாலரை நிமிஷத்துக்குக் கீழ போனாலோ ஏழரை நிமிஷத்தத் தாண்டினாலோ போட்டில இருந்தே தூக்கிடுவாங்க, மத்தபடி சீக்கிரம் முடிச்சான்னு ஒரு மார்க்கும் கொறையாது. 2014ல கோலாலம்பூர்ல நடந்த உலக ஃபைனல்ல இலங்கைலருந்து போன தனஞ்சய ஹெட்டியாராச்சி ஜெயிச்ச பேச்சு இருக்கே, ஒரு பூவக் கைல வெச்சுக்கிட்டு ஆரம்பிப்பாரு, அத நான் எத்தனை தடவ பாத்தேன்னு கணக்கே இல்ல. ஆனா அது அரங்கம் நெறைஞ்ச முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குப் பேசறது, பேசி முடிச்சிட்டு இறங்கிப் போயிடலாம். பிசினஸ் ஷோல லீடர் பேசறது 5 பேருக்கு, அந்த 5 பேரோட முகத்துலதான் மத்தியானம் முழுக்க முழிக்கணும். ரெண்டுக்கும் ஒரே அளவுகோல் வெச்சது எங்க தப்பு. பட்டிமன்றத்துல கலக்கறவர் வீட்ல புள்ளைய ஹோம்வொர்க் பண்ண வெக்கத் திணறுவாரே அந்த மாதிரி.

இதப் பத்தி மேனேஜ்மென்ட்காரங்களே எழுதி வெச்சிருக்காங்க. ஜெரமையா சலிவன்னு ஒருத்தர் 1988ல ஆரம்பிச்சு வெச்சத ஜாக்குலின் மேஃபீல்ட், மில்டன் மேஃபீல்ட் ரெண்டு பேரும் எடுத்து ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. லீடர் பேச்சுல மூணு வேணும்ங்கறாங்க. என்ன செய்யணும் எப்படி செய்யணும்னு தெளிவா சொல்றது ஒண்ணு, கேக்கிறவன் கஷ்டம் புரிஞ்சு பேசறது ஒண்ணு, இந்த வேலைய ஏன் செய்யறோம்னு அர்த்தம் காட்டறது ஒண்ணு. இத வெச்சு நம்ம மூணு பேரையும் திருப்பிப் பாத்தேன். நீலச் சட்டை மூணாவதுல கொஞ்சம், அதுவும் கோர்ஸுக்கு அர்த்தம் சொல்லல, வாழ்க்கைக்கு சொன்னான். கதைக்காரன் கஷ்டத்தப் பேசினான், ஆனா அவன் கஷ்டத்த. கண்ணாடிப் பொண்ணு மூணரை நிமிஷத்துல மூணையும் தொட்டுட்டா. திட்டு வாங்குனத சொன்னது, வரிய அடிச்சது, கோர்ஸ் எடுத்தவங்க எதுக்கு எடுத்தாங்கன்னு சொன்னது. அவ இதெல்லாம் படிச்சிருக்க மாட்டா, பின்னாடி நின்னு கேட்டிருக்கா, அவ்வளவுதான்.

ஆடம் கிரான்ட்னு ஒரு அமெரிக்க மேனேஜ்மென்ட் ஆராய்ச்சியாளர் கூட இருந்தவங்களோட சேந்து 2007ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சியும் இருக்கு. ஒரு யுனிவர்சிட்டிக்கு போன் பண்ணி நன்கொடை கேக்கிற கால் சென்டர். அந்தப் பணத்துல ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிக்கிற ஒரு ஸ்டூடன்ட்டக் கூட்டிட்டு வந்து கால் பண்றவங்களோட 5 நிமிஷம் பேச விட்டாங்க, மத்தவங்களுக்கு அந்த சந்திப்பு கெடையாது. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா, ஸ்டூடன்ட்டப் பாத்தவங்க போன்ல இருந்த நேரம் வாரத்துக்கு 142 சதவீதம் கூடிருக்கு, வசூல் 171 சதவீதம். விசில் இல்ல, ஹை-ஃபைவ் இல்ல, நீங்க யாருன்னு யாரும் கத்தல. அந்த ஸ்டூடன்ட் எங்க ஃபைனலுக்கு வந்திருந்தா ஸ்டேஜ் பிரசன்ஸுக்கு நான் 3 போட்டிருப்பேன்.

நீலச் சட்டைய மட்டும் திட்டிட்டே போறதா தோணலாம். அப்படி இல்ல. அவனுக்கு இருக்கிற குரல் எல்லாருக்கும் வராது, காலையில 500 பேர் நிக்கிற இடத்துல தூக்கம் கலைக்கணும்னா அவனத்தான் கூப்பிடணும். மெதுவாப் பேசறவங்க எல்லாம் நல்ல லீடருன்னும் கெடையாது, மெதுவாப் பேசியே டீமத் தூங்க வெச்ச மகானுபாவர்களோட நான் வேலையும் பாத்திருக்கேன். நாலு நாள் கழிச்சு அவனே என் நம்பர வாங்கி மெசேஜ் போட்டான், மேடம் ஃபீட்பேக் வேணும், நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதீங்கன்னு. இந்தக் கடைசி வரிக்காகவே எனக்கு அவன ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஓரத்துல நின்ன பொண்ணு ஹெட்செட் வயரு பத்தி எழுதினேன். ரொம்ப நேரம் டைப்பிங் டைப்பிங்னு காட்டிட்டு இருந்துச்சு. அப்புறம், "அவ காலையில பாத்ரூம்ல போய் அழுதான்னு எனக்குத் தெரியும் மேடம், அதனாலதான் ஜாலியா ஆரம்பிச்சேன்"ன்னு வந்துச்சு. எனக்கு என்ன பதில் போடறதுன்னே தெரியல. தெரிஞ்சே இருந்திருக்கு, அவகிட்ட அதக் கேக்காம எல்லாரையும் எந்திரிச்சுக் கைதட்ட வெச்சிருக்கான், அது கூட அவளுக்காகத்தான். நான் அவனுக்குப் போட்ட 9ம் தப்பு, அப்புறம் மனசுக்குள்ள அவனுக்குப் போட்ட 2ம் தப்பு.

அடுத்த பேட்ச்சுக்கு ஷீட்ட மாத்தித் தர்றேன்னு ஃபிரெண்டுகிட்ட சொல்லிருக்கேன். எனர்ஜியும் குரலும் சேத்து 10 போதும். பேச்சு முடிஞ்ச அடுத்த ரெண்டு நிமிஷம் டீம் என்ன பண்ணுதுன்னு பாக்க 20. பேசறதுக்கு முன்னாடி லீடர் எவ்ளோ நேரம் பசங்க பின்னாடி நின்னு கேட்டாருங்கறதுக்கு 10, அதுக்கு காலையிலயே ஒரு ஜட்ஜ் வந்து உக்காரணும், ஞாயித்துக்கிழமை காலையில யாரு வருவா, நான்தான் போகணும். நேரத்துக்கு மார்க்கே கெடையாது. மீதி 10 என்னன்னு இன்னும் முடிவு பண்ணல. ஜட்ஜ் சார் ஷீட்டப் பாத்துட்டு இது பேச்சுப் போட்டியா நர்ஸ் வேலையான்னு கேட்டாராம்.

நாற்காலியையும் திருப்பிப் போடச் சொல்லிருக்கேன். ஸ்டேஜுக்கு முதுகக் காட்டி, டீமப் பாத்த மாதிரி உக்காரப் போறேன். பேசறவங்களுக்கு அது மரியாதையா இருக்காதேடின்னா ஃபிரெண்ட். பேசறவங்க குரல் முதுகுக்கும் கேக்கும்டின்னேன், இன்னும் ஓகே சொல்லல.